அப்பா துவைக்காத ஒரே சட்டை

என் அப்பாவுக்கு இரண்டு மதங்கள். ஒன்று, வெள்ளைத் துணி தனி, கலர் துணி தனி. இன்னொன்று, சிவப்புப் படை கால்பந்து கிளப்.

முதலாவது எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் நடக்கிறது. கீழே லாண்டரி, மேலே நாங்கள். கடைக் கதவைத் தள்ளினாலே சோப்புத்தூள் வாசம் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடிக் கதவு வைத்த மெஷின்கள் சுவரோரம் வரிசையாக நிற்கும். அவற்றுக்குப் பெயர் வைத்தது நான். தண்ணீரைக் குடித்துவிட்டு நெடுநேரம் முனகுவது கிழவி. புதிதாக வந்தது, லேசாகத் தட்டினால்கூடக் கோபித்துக்கொண்டு நின்றுவிடுவது மாப்பிள்ளை. பெரியது, எதைப் போட்டாலும் விழுங்குவது யானை. இந்த மூன்றின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அப்பாவின் தொண்டை ஒலிபெருக்கி ஆகிவிட்டது. அவர் ரகசியம் சொன்னால் தெருக்கோடி வரை கேட்கும்.

துணி போட வருகிறவர்களை அவர் சும்மா விடமாட்டார். சட்டையைப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்.

"சார், இந்தக் காலரைப் பாருங்க. இதைப் போட்டுக்கிட்டா ஆபீஸ் போனீங்க? பக்கத்து சீட்டுல யாரும் உக்காரலையே, ஏன்னு யோசிச்சீங்களா?"

இப்படி ஊரார் காலரையெல்லாம் மானபங்கப்படுத்துகிற மனிதர், ஒரே ஒரு சட்டையை மட்டும் துவைத்ததே இல்லை. அது அவருடைய சிவப்புப் படை ஜெர்சி. கல்யாணம் நிச்சயமானபோது அம்மா கொடுத்தது. "அவங்க ஸ்டேடியத்துக் கடையிலேயே வாங்கினது. ஒரிஜினல்" என்று சொல்லிக் கொடுத்தாளாம். அதைப் போட்டுக்கொண்டு அப்பா பார்த்த முதல் இறுதி ஆட்டத்தில் சிவப்புப் படை கோப்பையைத் தூக்கியது. தண்ணீர் பட்டால் ராசி போய்விடும் என்று அன்றைக்கே அறிவித்துவிட்டார். வெயிலில் போடுவார், பிரஷ் அடிப்பார், அக்குளுக்குப் பவுடர் தூவுவார். குழாய்ப் பக்கம் மட்டும் கொண்டுபோகமாட்டார்.

அதற்குப் பிறகு சிவப்புப் படை கோப்பை இருந்த திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"ராசி எங்கே போச்சு?" என்று அம்மா கேட்பாள்.

"உள்ளே ஊறிக்கிட்டிருக்கு."

"ஊறுறது ராசி இல்ல. நாத்தம்."

எதிர்க்கடை மருந்துக்கடைக்காரருக்கு அந்த ஜெர்சியைக் கண்டாலே வாய் அரிக்கும். அவர் நீலம் கிளப்பின் ஆள். "உங்க சிங்கம் ஏன் பூனை மாதிரி இருக்கு?" என்று மார்பில் இருக்கும் சின்னத்தைக் காட்டிக் கேட்பார். உண்மைதான். சிவப்புப் படையின் சின்னம் கர்ஜிக்கிற சிங்கம். அப்பாவின் மார்பில் இருப்பது பால் கேட்கிற முகம். கழுத்துப் பட்டையின் தையலும் நேராகப் போகாது, தூக்கக் கலக்கத்தில் நடந்தவன் மாதிரி அங்குமிங்கும் போகும்.

"பழைய டிசைன் அப்படித்தான்" என்பார் அப்பா. "ஆனா துணியைப் பாருங்க. ஒரிஜினல். ஜென்மத்துக்கும் சாயம் போகாது."

"துவைச்சுக் காட்டுங்களேன்."

"ராசி போயிடும்."

இதை எதிர்த்து வாதாட முடியாது.

அந்த வருஷம் சிவப்புப் படை ஆடிய ஆட்டத்தைச் சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது, ஆகவே சொல்கிறேன். நாட்டிலேயே பெரிய கிளப். அவர்கள் பூட்ஸுக்குப் பாலிஷ் போட ஒரு ஆள், அந்த ஆளுக்கு உதவியாக இன்னொரு ஆள். ஆனால் கடைசி இடத்தில் கிடந்த அணிகள்கூட இவர்களைப் பார்த்ததும் தெம்பாகிவிட்டன. நோயாளியைப் பார்க்கப் பழக்கூடையோடு போகிறவர்கள் மாதிரி சிவப்புப் படைக்காரர்கள் வாரம் தவறாமல் போய் கோல்களைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். தோற்ற ஒவ்வொரு தடவையும் அப்பாவிடம் புதுக் காரணம் இருந்தது. புல் நீளம். பந்தில் காற்று ஜாஸ்தி. ஒரு தடவை கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிற அம்மாவிடம், "அந்த ரெஃப்ரிக்கு உங்க டாக்டர்கிட்ட ஒரு டோக்கன் போட்டு வை" என்றார்.

பிறகு கோப்பைப் போட்டிகள் தொடங்கின. நாடு தலைகீழானது. முதல் சுற்றிலேயே நீலம் கிளப், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் அணியிடம் தோற்றது. அன்றைக்கு மருந்துக்கடைக்காரரின் சட்டைகளை அப்பா தன் கையாலேயே இஸ்திரி போட்டு, அடுக்கின் மேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை மடித்து வைத்தார்.

"இது என்னுது இல்லையே?"

"கடை சார்பா. கண்ணைத் துடைச்சுக்க."

நானும் என்னால் ஆனதைச் செய்தேன். மருந்துக்கடைக் கண்ணாடியில் "துக்கம் காரனமாக இன்று தலைவலி மாத்திரை மட்டும் கிடைக்கும்" என்று எழுதி ஒட்டினேன். எழுத்துப் பிழையை வைத்து நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். பள்ளிக்கூடமும் நானும் பாதியிலேயே பிரிந்ததால் வருகிற தொந்தரவு இது.

மருந்துக்கடைக்காரர் என் காதைத் திருகிவிட்டு, அப்பா கடையைப் பார்த்து, "உங்களுக்கும் ஒரு நாள் வரும்" என்றார்.

வந்தது. அடுத்த சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கியபோது சிவப்புப் படை எங்கள் ஊர் மேம்பாலம் அணியோடு ஆட வேண்டும் என்று வந்தது. அதுவும் எங்கள் மைதானத்தில்.

மேம்பாலம் அணியின் மைதானத்தில் பாதி வெயிலில் இருக்கும், பாதி மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும். கேப்டன் டவுன் பஸ் டிரைவர். தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர் கணக்கு வாத்தியார். கோல்கீப்பர் என் தாய்மாமா. ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை. புருவத்தில் எப்போதும் மாவு இருக்கும். அவருக்கு அப்பா வைத்த பெயர் ஓட்டை. அந்த அணியின் ஜெர்சிகளைத் துவைத்துக் கொடுப்பது எங்கள் கடை. அம்மா போட்ட உத்தரவு.

சேதி கேட்டதும் மாமா மாவோடு ஓடி வந்தார்.

"அத்தான், கேள்விப்பட்டீங்களா? யார் வர்றாங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்டா மாப்ள. வலையை ரெண்டு மடிப்பா கட்டச் சொல்லு. கிழிஞ்சிடப் போகுது."

"ஆடிப் பார்ப்போம் அத்தான்."

"ஆடறது அவங்க. பார்க்கறது நீ."

மாமா சிரித்தார். அவருக்கு அப்பாமேல் கோபமே வராது. அக்காவைக் கட்டினவர் என்பதால் மட்டுமல்ல. சின்ன வயதில் மாமாவுக்கு முதல் கையுறை வாங்கிக் கொடுத்தவர் அப்பாதான். "வெறுங்கையில பிடிச்சு விரல் போயிடப்போகுது, அப்புறம் எனக்கு யார் ரொட்டி சுடுவா" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

அந்த வாரம் முழுவதும் ஜெர்சிக்கு ஆபத்து. நான் அதைத் திருடி இஸ்திரி மேசைமேல் தலையணைக்கு மாட்டி, தலையணைக்குக் கண்ணும் கண்ணீரும் வரைந்து வைத்தேன். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு, "பெரிய கிளப் வருதே, சுத்தமா போக வேணாமா? இன்னைக்குத் துவைச்சுடறேன்" என்று சும்மா மிரட்டினாள். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் இரண்டு பேர் கையிலும் அகப்படாத இடம் தேடினார். கடைசியில் ஆட்டத்துக்கு முதல் நாள் ஜெர்சியைச் சுருட்டி, அன்றைக்கு வேலை முடிந்து காலியாக இருந்த யானையின் வயிற்றில் வைத்துக் கதவைச் சாத்தினார். துவைக்கக் கூடாத துணியை மெஷினுக்குள் யார் தேடுவார்கள்? நல்ல யோசனைதான்.

மறுநாள் காலையில் மேம்பாலத்து ஜெர்சி மூட்டை வந்தது. முந்தின நாள் மழையில் பயிற்சி எடுத்திருந்தார்கள், ஒவ்வொன்றிலும் அரை மைதானம் ஒட்டியிருந்தது. எல்லாம் வெள்ளைப் பருத்தி. மாமாவுடையது மட்டும் மஞ்சள். அவர்களிடம் இருப்பது அந்த ஒரே செட்தான். பழைய செட், பெஞ்சு துடைக்கப் போய்விட்டது.

அப்பா மூட்டையைப் பிரிக்கும் நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பொட்டலம்.

"என்னது?"

"தூக்க மாத்திரை. சாயங்காலம் தேவைப்படும். கடை சார்பா."

"போய்யா. நீ உன் நீலம் கிளப்புக்கு மலர்வளையம் கட்டினியா?"

"நாங்க தோத்தோம், எந்திரிச்சோம். நீங்க இன்னும் விழவே இல்லையே, அதான் பயமா இருக்கு."

அப்பாவுக்கு வாய்ச்சண்டை என்றால் கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். கண் வாசலில், வாய் மருந்துக்கடைக்காரரிடம், கை மட்டும் யானைக்குள் வெள்ளைத் துணியை அள்ளி அள்ளிப் போட்டது. மாமாவின் மஞ்சளையும் சேர்த்துப் போட்டது. உள்ளே எட்டிப் பார்க்காமல் கதவை அடைத்து, சேற்றுக்கென்று கொதிநீரைத் திருகியது.

முதலில் பார்த்தது நான். கண்ணாடிக்குள் நுரை ரோஸாக எழும்பிக்கொண்டிருந்தது.

"அப்பா, யானை ரோஸ்மில்க் குடிக்குது."

அப்பா திரும்பினார். அந்த முகத்தை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். பட்டனை அழுத்தினார். ஆனால் உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்தக் கதவு திறக்காது, அதன் சுபாவம் அப்படி. அவர் மண்டிபோட்டு, கண்ணாடியில் நெற்றியை வைத்து, உள்ளே சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளைக் கைகள், ரோஸ் கைகள், நடுவில் ஒரு சிவப்புக் கை. அது சுற்றும்போதெல்லாம் எங்களுக்கு டாட்டா காட்டியது.

கதவு திறந்தது. மேம்பாலம் அணி மொத்தமும் ரோஸ். மாமாவுடையது பழுத்த பப்பாளி. அப்பா முதலில் எடுத்தது அவற்றை அல்ல. தன் ஜெர்சியை எடுத்து, விரல்களுக்கு நடுவே துணியைத் தேய்த்துப் பார்த்தார். விரல் சிவந்தது.

"ஒரிஜினல் சாயம் போகாதுன்னீங்களே?" என்றேன்.

"வாயை மூடு."

"அப்ப இது டூப்ளிகேட்டா? அம்மாவை யாரோ ஏமாத்திட்டாங்களா?"

அப்பா மாடிப்படியைப் பார்த்தார். மேலே அம்மா வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டது. குரலை இறக்கினார், அதாவது மற்ற மனிதர்கள் சாதாரணமாகப் பேசும் அளவுக்கு.

"இங்க பாரு. இந்தச் சட்டைலதான் சாயம் போச்சுன்னு ஒரு உயிருக்கும் தெரியக் கூடாது. உங்கம்மா ஆசையா கொடுத்தது. தெருவே ஒரிஜினல்னு நம்புது. நாளைக்கு அந்த மாத்திரைக்காரன் அவளைப் பார்த்துச் சிரிப்பான். சொன்னேன்னா உன்னை டிரையர்ல போட்டுச் சுத்திடுவேன்."

வெளுப்பு மருந்தில் ஒன்றை நனைத்துப் பார்த்தார். ரோஸ் போவதற்கு முன் துணி போய்விடும் போலிருந்தது. எல்லாவற்றையும் டிரையரில் போட்டு உலர்த்தி மடித்தார். மடிப்பு மட்டும் வழக்கம்போல் கத்தி மாதிரி இருந்தது.

மாமாவும் பஸ் டிரைவர் கேப்டனும் மூட்டையை வாங்க வந்தார்கள். கேப்டன் மேலே இருந்ததைப் பிரித்தார். பிரித்துவிட்டு, வெளியே போய்க் கடைப் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இது என்ன கலர்?"

"தப்பு நடந்து போச்சு" என்றார் அப்பா. "சாயத் துணி ஒண்ணு கலந்துடுச்சு."

"உங்ககிட்டயா? வெள்ளை தனி கலர் தனின்னு செவுத்துல எழுதி வெச்சிருக்கற உங்ககிட்டயா? என்ன துணி கலந்துச்சு?"

"ஒரு… திரைச்சீலை."

"காட்டுங்க."

அப்பா மேசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். சாயம் போன அந்தச் சிவப்பு, மேசைக்குக் கீழே என் காலடி வாளியில் இருந்தது. அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மருந்துக்கடைக்காரரும் வந்துவிட்டார்.

"திரைச்சீலையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் கேப்டன். "உங்க சிவப்புப் படை முன்னால நாங்க கோமாளி மாதிரி நிக்கணும். அதுக்காக வேணும்னே செஞ்சிருக்கீங்க."

"சத்தியமா இல்லப்பா."

"வெள்ளையை வெள்ளையா திருப்பித் தராத கடைக்கு இனிமே எவன் துணி போடுவான்? நாங்க போடமாட்டோம்."

கூட்டத்தில் ஒரு அம்மாள் தான் கொண்டுவந்த பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். காலரைக் காட்டி ஊரையே அதட்டிய மனிதர், ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா படியிறங்கி வந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மாமா தன் பப்பாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அத்தான், கிண்டல் பண்ணுங்க, ஓட்டைன்னு கூப்பிடுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இது நல்லா இல்ல." பிறகு அம்மாவைப் பார்த்து, "அக்கா, இனிமே நான் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா அப்பாவைக் கேள்வி கேட்கிற மாதிரிப் பார்த்தாள். "திரைச்சீலை" என்றார் அப்பா. அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் அப்பா அந்த ஈர ஜெர்சியையே மாட்டிக்கொண்டார். அது இல்லாமல் சிவப்புப் படை ஆட்டம் பார்த்ததே இல்லை. வெளியே தெரியாமலிருக்க மேலே ஒரு சாம்பல் நிற ஜாக்கெட், கழுத்துவரை ஜிப். வெயிலில் அவருக்கு ஆவி கிளம்பியது. மேம்பாலத்து ஆட்கள் இருக்கும் பக்கம் போக முகமில்லை. சிவப்புப் படை ரசிகர்களுக்கு நடுவே, கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம்.

எங்கள் அணி இறங்கியதும் மைதானமே சிரித்தது. "பஞ்சுமிட்டாய்! பஞ்சுமிட்டாய்!" என்று பக்கத்தில் கத்தினார்கள். ரெஃப்ரி வந்து, கலர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதே, வேறு ஜெர்சி இல்லையா என்று கேட்டார். இல்லை. சிவப்புப் படை கேப்டன் கையை வீசி, "விடுங்க சார், இவங்க என்ன போட்டிருந்தா எங்களுக்கென்ன" என்றான். அந்தத் திமிரை அப்பா ரசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

முதல் பாதியில் சிவப்புப் படை ஒரு கோல் போட்டது. பந்து மாமாவின் கைக்கும் தரைக்கும் நடுவே புகுந்தது. எங்களைச் சுற்றி எல்லாரும் குதித்தார்கள். அப்பாவும் பழக்கதோஷத்தில் பாதி எழுந்தார். வலைக்குள் முகம் குப்புறக் கிடந்த மாமாவைப் பார்த்தார். மீதிப் பாதியை எழாமல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா, கோல்தானே?"

"முட்டி மரத்துப் போச்சு."

இரண்டாம் பாதியில் ஒரு கார்னரை, கணக்கு வாத்தியார் விடைத்தாளில் சுழி போடுகிற வேகத்தோடு தலையால் முட்டி உள்ளே தள்ளினார். ஆளுக்கு ஒன்று. பெரிய கிளப்பின் ரசிகர்கள் சமமானால் எப்படி இருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் சிரிப்பார்கள். பிறகு கடிகாரம் பார்ப்பார்கள். அதற்கப்புறம் சொந்த ஆட்களைத் திட்டுவார்கள், எதிரிகூட அப்படித் திட்டமாட்டான். ஒருவர் கோச்சின் பரம்பரையையே விசாரித்தார்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். எங்கள் ஆள் ஒருவர் கையில் பந்து பட்டு, சிவப்புப் படைக்குப் பெனால்டி. எங்கள் முன்னால் இருந்த கோலில்தான். அடிக்க வந்தவன் சுருட்டைமுடிக்காரன், நாட்டிலேயே பெரிய ஆள். அவன் படம் எங்கள் கடைச் சுவரில் இருக்கிறது. மைதானம் அடங்கியது. மாமா ஒற்றையாகக் கோட்டில் நின்றார். பப்பாளி ஜெர்சி, மாவுப் புருவம்.

அப்பா என் தோளைப் பிடித்தார். வலித்தது.

"வலது பக்கம்" என்று முணுமுணுத்தார். "இவன் எப்பவும் கீப்பருக்கு வலது பக்கம்தான் அடிப்பான். எனக்குத் தெரியும்."

"அப்ப பேசாம இருங்க. உங்க ஆள்தானே."

பேசாமல் இருந்தார். சுருட்டைமுடிக்காரன் ஓடத் தொடங்கினான். மெஷின் மூன்றையும் வென்ற அந்தத் தொண்டை அப்போது திறந்தது.

"மாப்ள! எழுதற கைப் பக்கம் குதிடா!"

சுருட்டைமுடிக்காரனுக்கும் கேட்டுவிட்டது. ரகசியம் போய்விட்டதே என்று ஓடுகிற ஓட்டத்திலேயே மனம் மாறி, மாமாவுக்கு இடது பக்கம் அடித்தான். ஆனால் பதற்றத்தில் அப்பா ஒன்றை மறந்திருந்தார். மாமாவுக்கு எழுதுகிற கை இடது கை. மாமா அந்தப் பக்கம்தான் குதித்தார். பந்து அவர் மார்பில் பட்டு, கைக்குழந்தை மாதிரி அவரோடு ஒட்டிக்கொண்டது.

ஒரு நொடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு எங்களைச் சுற்றியிருந்தவர்கள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யோவ், நீ யார் கட்சி?"

"பெனால்டியைக் காட்டிக் கொடுத்துட்டான்யா!"

யாரோ ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார்கள். ஜிப் பிய்ந்தது. யாரோ சோடாவை அவர் தலையில் ஊற்றினார்கள்.

அதற்குள் மேம்பாலத்து மஞ்சள் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. அந்த வெளிச்சத்தில் சிவப்பும் ரோஸும் ஒட்டிப் பிறந்தவை. மாமா உதைத்து அனுப்பிய பந்தைத் தன் கோலுக்கு முன்னால் காலில் நிறுத்திய சிவப்புப் படை கேப்டன், பக்கத்தில் நின்ற தன் ஆளுக்கு அழகாகத் தள்ளிவிட்டான். அது அவன் ஆள் இல்லை. எங்கள் பஸ் டிரைவர். அவர் நிறுத்தத்தில் ஏறுகிற பயணியைப் பார்க்கிற மாதிரி பந்தைப் பார்த்தார். பிறகு ஒரே உதை. கோல். உடனே விசில். நாட்டிலேயே பெரிய கிளப் மேம்பாலத்துக்கு அடியில் கவிழ்ந்தது.

மைதானத்துக்குள் ஊரே ஓடியது. எனக்கு ஓட முடியவில்லை. அப்பாவின் கழுத்திலிருந்து கால்சட்டைவரை சிவப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"ரத்தம்! அடிச்சுட்டாங்க!" என்று யாரோ அலறினார்கள். அதைக் கேட்டு வேலியைத் தாண்டி முதலில் ஓடி வந்தவர் யார் தெரியுமா? மருந்துக்கடைக்காரர். கையில் பஞ்சு, மருந்து, கட்டுத்துணி. அவர் முகம் செத்துப்போயிருந்தது. "எங்கய்யா வலிக்குது? தலையா? நான் பார்த்துக்கறேன், அசையாதே" என்று அப்பாவின் கழுத்தைத் துடைத்தார். பஞ்சைப் பார்த்தார். மறுபடி துடைத்தார். முகர்ந்தார்.

"இது ரத்தம் இல்ல. சாயம்!"

கேப்டனும் மாமாவும் அதற்குள் வந்துவிட்டார்கள். கேப்டன் அப்பாவின் ஜெர்சியைப் பார்த்தார், தன் மேலிருந்த ரோஸைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் உதவி இல்லாமலே கணக்கு விளங்கிவிட்டது.

"இதுதான் அந்தத் திரைச்சீலையா?"

"அது வந்து… வேர்வை" என்றார் அப்பா.

"சிவப்பாவா வேர்க்கும்?"

"ஒரிஜினல் சாயம் போகுதே!" என்று மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார். கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. "ஊரே கேளுங்க, ஜென்மத்துக்கும் போகாத சாயம்…"

"அது ஒரிஜினல் இல்ல. நான் தைச்சது."

கூட்டத்துக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். எங்கள் அம்மாவிடம் பொத்தான் தைக்கக் கொடுத்தால் விரலையும் சேர்த்துத் தைத்துவிடுவாள், தெருவுக்கே தெரியும். ஆகவே எல்லாருடைய வாயும் திறந்தபடி நின்றது, மருந்துக்கடைக்காரருடையது உட்பட.

"கடையில கிடைக்கல. சிவப்புத் துணி வாங்கி நானே தைச்சேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு, ஒரிஜினல்னு சொல்லிட்டேன்."

"அப்ப அந்தச் சிங்கம்?" என்றார் மருந்துக்கடைக்காரர், ரொம்ப மரியாதையாக.

"எங்க வீட்டுப் பூனையைப் பார்த்து வரைஞ்சேன். சிங்கத்துக்கு நான் எங்க போவேன்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். "காலையிலயே சொல்லியிருக்கலாம்ல? என் தம்பி வீட்டுக்கு வரமாட்டேங்கறான், கடைப் பேர் நாறுது, அப்பவும் திரைச்சீலைன்னு நிக்கறீங்க. இன்னைக்குத்தானே உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்?"

அப்பா தரையைப் பார்த்தார். அவர் குரல் முதல்முறையாகச் சின்னதாக வந்தது.

"முதல் நாளே தெரியும்."

"என்னது?"

"லாண்டரிக்காரன்கிட்ட கொடுத்துட்டு… தையலைப் பார்த்தாலே தெரியாதா? துணியைத் தொட்டாலே சாயம் நிக்காதுன்னு தெரியாதா?"

"அப்ப ராசி, ராசின்னீங்களே?"

"துவைச்சாத்தானே சாயம் போகும். அதான் துவைக்கல."

அம்மா தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். மருந்துக்கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அது எங்கள் கடைக் கைக்குட்டை. பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், பாவி.

மாமா ஈரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அப்பாவைக் கட்டிக்கொண்டார். பப்பாளியில் ஒரு பூனை பதிந்தது. "அத்தான், என் எழுதற கை எதுன்னு இத்தனை வருஷமா தெரியாதா?" என்றார்.

"தெரிஞ்சிருந்தா கோல் ஆயிருக்கும். போடா ஓட்டை" என்றார் அப்பா. அன்றைக்கு மாமா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். சிவப்புப் படை தோற்றதற்காக அப்பா சாப்பிடவில்லை. அது வேறு துக்கம், அதை யாராலும் தீர்க்க முடியாது.

அடுத்த சுற்றில் மேம்பாலம் அணி வாங்கிய கோல்களைப் பற்றி எங்கள் தெருவில் பேசக் கூடாது. ஆனால் ரோஸை அவர்கள் விடவில்லை. ராசியான கலராம். மூட்டை மறுபடி எங்கள் கடைக்குத்தான் வருகிறது. சாயம் மங்கும்போதெல்லாம் கேப்டன், "அந்தத் திரைச்சீலையைக் கொஞ்சம் சேர்த்துப் போடுங்க" என்பார். அப்பா தன் ஜெர்சியை அவர்களோடு சேர்த்து யானைக்குள் போடுவார். இப்போது உள்ளே பார்த்துத்தான் போடுகிறார். போட்டுப் போட்டு, அதுவும் வெளிறி வெளிறி, அவர்கள் ரோஸும் இவர் சிவப்பும் ஒரே நிறமாகிவிட்டன. சின்னத்தின் நூலும் உதிர்ந்து போனது. கொடியில் தொங்கும்போது எது யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

போன வாரம் சிவப்புப் படை ஆட்டம் தொடங்குவதற்கு முன், நான் அப்பாவின் கொக்கியில் கேப்டனின் ஜெர்சியை மாட்டி வைத்தேன். அதே அளவு, அதே ரோஸ், அதே மடிப்பு. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா எடுத்தார். தலைவழியாகப் போடப் போனவர், கழுத்துப் பட்டையில் விரலை ஓட்டினார். நிறுத்தினார். அதைத் திருப்பிக் கொக்கியில் மாட்டினார்.

"வெளிய வா. இது என்னுது இல்ல" என்றார். "தையல் நேரா இருக்கு."